ஒன்று புள்ளி ஏழு

பிள்ளையின் பெயரை எப்போது வாசிப்பார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, கருப்பு அங்கிக்குள் புழுங்கிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே!

“வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள்” என்றுதான் கல்லூரி முதல்வர் என்னை இந்தப் பட்டமளிப்பு விழாவுக்கு அழைத்தார். வெளிநாடு போவது எப்படி என்று சொல்ல ஊரில் ஆள் நிறைய. கன்சல்டன்சிக்காரர்கள் காப்பி வாங்கிக் கொடுத்தே சொல்வார்கள். படிப்பை முடித்துத் திரும்பி வந்து சொந்த ஊரில் வேலை தேடுவதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. அப்படித் தேடி, 14 மாதம் வீட்டில் சும்மா இருந்தவன் நான். அந்த 14 மாதத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

இங்கே பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துக்குப் போனேன். அங்கே முதுகலை, பிறகு முனைவர் பட்டம். மொத்தம் ஏழு வருஷம். நீரை வடிகட்டும் சவ்வுகள், அதாவது மெம்பிரேன், என் ஆராய்ச்சி. 2013-இல் இரண்டு பெட்டிகளோடு கோவை விமான நிலையத்தில் இறங்கினேன். ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம், வேலை தேடி வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

முதல் விண்ணப்பம் உதவிப் பேராசிரியர் பணிக்கு. இணையத்தில் படிவம். முதுகலையில் எத்தனை சதவீதம் என்று ஒரு கட்டம். என் மதிப்பெண் பட்டியலில் சதவீதமே கிடையாது, 1.7 என்றுதான் இருந்தது. ஜெர்மனியில் 1 என்றால் முதல் தரம், 4 வரைக்கும் தேர்ச்சி, 5 என்றால் தோல்வி. எண் குறையக் குறைய மதிப்பு கூடும். 1.7 வாங்கிய அன்று நண்பர்களுக்கு நான் விருந்து வைத்தேன். அந்த 1.7-ஐக் கட்டத்தில் தட்டினேன். 55 சதவீதத்துக்குக் குறைவாக இருப்பதால் தாங்கள் இந்தப் பணிக்குத் தகுதியற்றவர் என்று சிவப்பு எழுத்தில் வந்தது. நானே கணக்குப் போட்டு ஒரு சதவீதத்தை எழுதி அனுப்பினால், “இதற்கு ஆதாரம் எங்கே?” என்று கேட்டார்கள்.

இரண்டாவது இடத்தில், கடைசியாகப் படித்த கல்வி நிறுவனத்திலிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார்கள். டிரெஸ்டனுக்கு மின்னஞ்சல் எழுதினேன். அலுவலகத்து அம்மாள் குழம்பிப் போனார். அந்த நாட்டில் நன்னடத்தைச் சான்று என்றால், இவர்மேல் குற்ற வழக்கில் தண்டனை எதுவும் இல்லை என்று பான் நகரத்திலுள்ள மத்திய நீதி அலுவலகம் கொடுக்கும் தாள். “உங்களுக்கு ஏதாவது பிரச்சினையா? நாங்கள் உதவலாமா?” என்று கரிசனத்தோடு பதில் போட்டிருந்தார். பிரச்சினை ஒன்றுமில்லை தாயே, வேலைக்குத்தான் விண்ணப்பம் போடுகிறேன் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

இதற்கிடையில் டெல்லியிலிருந்து இணைத்தன்மைச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. நம் பட்டம் இந்தியப் பட்டத்துக்குச் சமம்தான் என்று சொல்லும் தாள் அது. அன்றைக்கு அதை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் கொடுத்துவந்தது. 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென்று தனி விதிமுறைகளைக் கொண்டுவந்திருக்கிறது. வெளியே போகிறவர்கள் கிளம்பும் முன்பே அவற்றை ஒரு தடவை படித்துவிடுங்கள். பாடத்திட்டம், மதிப்பெண் முறையை விளக்கும் தாள், ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் அங்கே இருக்கும்போதே முத்திரையோடு வாங்கி வையுங்கள். திரும்பி வந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் கெஞ்ச வேண்டியிருக்கும்.

தாள்களாவது ஒருநாள் வந்து சேரும். நேர்காணலில் கேட்ட ஒரு கேள்விக்குத்தான் கடைசிவரை என்னிடம் பதில் இல்லை. “ஏன் திரும்பி வந்தீங்க?” அம்மா அப்பாவுக்கு வயதாகிறது என்றேன். அங்கே வேலை கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று அவர்கள் முகம் சொன்னது. நாட்டுக்கு ஏதாவது செய்யலாமென்று, என்றேன். இவன் ஆறு மாதத்தில் மறுபடி விமானம் ஏறிவிடுவான் என்று அதே முகம் சொன்னது.

வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா காலையில் செய்தித்தாளைப் படித்துவிட்டு மடித்து வைப்பார். வேலைவாய்ப்பு விளம்பரம் வரும் நாளில் மட்டும் அந்தப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி மடித்திருப்பார். நானும் பார்க்காதது மாதிரி எடுத்துக்கொண்டு போவேன். அந்த மடிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்தக் காலத்தில் இரண்டு பேரின் வாழ்க்கையை விரிவாகத் தேடிப் படித்தேன். இரண்டு பேருக்கும் பதிவுகளில் பிறந்த ஆண்டு 1922. இரண்டு பேரும் வெளிநாட்டில் படித்துவிட்டு 1949-இல் இந்தியா திரும்பியவர்கள்.

ஒருவர் ஹர் கோபிந்த் கொரானா. லிவர்பூலில் முனைவர் பட்டம், பிறகு சூரிக்கில் ஆராய்ச்சி. ஊர் திரும்பி வேலை தேடினார், கிடைக்கவில்லை. மறுபடி கேம்பிரிட்ஜுக்குப் போனார், அங்கிருந்து கனடா, பிறகு அமெரிக்கா. 1968-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

மற்றவர் ஜி.என். ராமச்சந்திரன். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு, தான் முன்பு படித்த பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கே வந்து சேர்ந்தார். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைக்கு ஒரு தலைவரைத் தேடிய துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் முதலில் சர் சி.வி. ராமனைத்தான் அழைத்தார். ராமன் தன் மாணவரான ராமச்சந்திரனைக் கைகாட்டினார். முப்பது வயது நிறையுமுன்பே பேராசிரியர்.

இந்த இரண்டு பேரில் யாருக்குத் தகுதி குறைவு? எனக்குத் தெரிந்த ஒரே வித்தியாசம் இதுதான்: ராமச்சந்திரனின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் இங்கே இருந்தார். “இந்தப் பையனை எனக்குத் தெரியும்” என்று சொல்ல ஒரு வாய் இருந்தது. வேலை கிடைக்காத பிள்ளைகளே, உங்கள் அறிவை உடனே சந்தேகப்படாதீர்கள். கொரானாவுக்கே கிடைக்கவில்லை. வெளியே போகப்போகிறவர்களே, அந்த ஒரு வாயை இங்கே விட்டுவிட்டுப் போங்கள். பழைய ஆசிரியருக்கு வருஷத்துக்கு ஒரு கடிதம். ஊருக்கு வரும்போது கல்லூரிக்கு ஒரு நடை, முடிந்தால் ஜூனியர்களுக்கு ஒரு வகுப்பு. ஏழு வருஷத்தில் நான் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. திரும்பியபோது என் துறையில் என்னைத் தெரிந்தவர் என்று ஊரில் ஒருவரும் இல்லை. வீட்டு முகவரி மட்டும்தான் பழையது.

இந்தச் சிக்கல் அரசாங்கத்துக்கும் தெரியாமலில்லை. திரும்பி வரும் விஞ்ஞானிகள் நிரந்தர வேலை கிடைக்கும்வரை சம்பளத்தோடு ஆராய்ச்சி செய்ய 1958-இலேயே ‘சயின்டிஸ்ட்ஸ் பூல்’ என்று ஒரு திட்டம் வந்தது. இன்று ராமானுஜன் ஃபெலோஷிப், ராமலிங்கசுவாமி மறுநுழைவு ஃபெலோஷிப் போன்றவை ஐந்தாண்டு ஆதரவு தருகின்றன. ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாமல், அங்கே இருக்கும்போதே அவற்றின் விதிகளைப் படியுங்கள்.

இனி, எனக்கு வேலை வந்த கதை.

கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்தவன் ஒருவன். வெளிநாடு எதுவும் போகாதவன். திருப்பூர் பக்கம் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கெமிக்கல் விற்றுக்கொண்டிருந்தான். ஒருநாள் போன் போட்டு, “டேய், வீட்ல உக்காந்து என்ன பண்ற? நாளைக்குச் சும்மா என்கூட வா” என்றான். வேறு வேலை இல்லாததால் போனேன்.

திருப்பூர் நொய்யல் ஆற்றின் கதை உங்களுக்குத் தெரியும். சாயக்கழிவு ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் தண்ணீர் பாழாகி, விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே போகக்கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு பட்டறை ஓட வேண்டுமென்றால் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற நிலை. அந்தச் சுத்திகரிப்பின் நெஞ்சே மெம்பிரேன்தான். நான் ஏழு வருஷம் படித்த அதே மெம்பிரேன். எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் அது இருந்தது. நானோ வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன்.

நண்பன் என்னைக் கூட்டிப்போன சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர் அண்ணன் அன்றைக்கு ஒரு பழைய மெம்பிரேனை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். எட்டு அங்குல விட்டம், நாற்பது அங்குல நீளம், பாய் மாதிரி சுருட்டிய உருளை. அறுத்துத் தரையில் விரித்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய தாள் முழுக்கப் பழுப்புக் கோழை. விரலால் வழித்துக் காட்டினார். நான் ஏழு வருஷமும் சோதித்தது, சுத்தமான தண்ணீரில் நானே அளந்து உப்புப் போட்ட கரைசலை. இது சாயமும் உப்பும் சிலிக்காவும் பாக்டீரியாவும் கலந்த நிஜக் கழிவுநீர். இப்படிப்பட்ட கோழையை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? “ஜெர்மனியிலெல்லாம்…” என்று ஆரம்பித்தேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரிங்க சார், இந்தத் தண்ணிக்கு இது எத்தனை நாளைக்குங்க தாங்கும்?” என்றார். என் ஆய்வேட்டில் அந்தக் கேள்வி கிடையாது. தெரியாது என்றேன். திரும்பி வந்த பிறகு நான் சொன்ன முதல் உருப்படியான பதில் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு துண்டு மெம்பிரேனையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மறுநாளும் போனேன், மூன்று வாரம் போனேன். எந்த நேரத்தில் அழுத்தம் ஏறுகிறது, எந்தப் பட்டறையின் தண்ணீர் வரும்போது ஏறுகிறது என்று அவரோடு உட்கார்ந்து நோட்டில் குறித்தேன். நான்காவது வாரம் நிலைய மேலாளர் கூப்பிட்டு, “சம்பளம் என்ன எதிர்பார்க்கிறீங்க?” என்று கேட்டார். “ஏன் திரும்பி வந்தீங்க?” என்று அவர் கேட்கவே இல்லை.

அவர் சொன்ன தொகையை நான் மனதுக்குள் யூரோவாக மாற்றிப் பார்த்தேன். மாற்றிப் பார்க்காதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன், மாற்றத்தான் செய்வீர்கள். ஒரு மாதம் மாற்றிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம் மொழியில் வேலை என்ற சொல்லுக்கு உத்தியோகம் என்றும் பொருள், செய்ய வேண்டிய காரியம் என்றும் பொருள். 14 மாதம் நான் முதலாவதைத் தேடினேன். இரண்டாவதைப் பிடித்தபோது முதலாவது கூடவே வந்தது. எல்லோருக்கும் இப்படி அமையும் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. ஆனால் ராமச்சந்திரனும் சென்னைக்கு வந்து பக்கத்தில் என்ன இருக்கிறது என்றுதான் பார்த்தார். பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தை ஒட்டி மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே கிடைத்த கங்காரு வால் தசைநாரை வைத்து கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பை ஆராய்ந்து, அது முப்புரி இழை என்ற முடிவை கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல் வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் கற்ற வித்தை, அடுத்த காம்பவுண்டில் கிடைத்த பொருள்.

கடைசியாக, வெளிநாடு போகாமல் இங்கேயே இருக்கப்போகிறவர்களிடம் ஒரு வார்த்தை. இந்த அரங்கில் நீங்கள்தான் அதிகம். பத்து வருஷம் கழித்து மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப்போவது நீங்கள். விண்ணப்பப் படிவத்தைத் தயாரிக்கப்போவதும் நீங்கள், நேர்காணலில் கேள்வி கேட்கப்போவதும் நீங்கள். இன்று உங்கள் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் அன்றைக்கு இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்குவார். நீங்கள் நல்ல வேலையில் இருந்தால் அவரை “நாளைக்குச் சும்மா என்கூட வா” என்று கூப்பிடுங்கள். அவருடைய படிவத்தில் 1.7 என்று இருந்தால், நிராகரிக்கும் முன் ஒரு போன் போட்டு, “இது எத்தனைக்கு?” என்று கேளுங்கள்.