ஓபோவில் ஒரு ப்ளூஸ்

(பண்பாட்டு அமர்வொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பண்பாடு என்று தலைப்புக் கொடுத்தால் இவன் பறையைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். பறைக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஒருத்தர், வெள்ளைக்காரச் சபைகளின் வாத்தியம் ஒன்றில் ப்ளூஸ் வாசித்த கதையைச் சொல்ல வேண்டும். அவர் பெயர் யூசுஃப் லத்தீஃப். வாத்தியத்தின் பெயர் ஓபோ.

ஓபோ இரண்டடி நீள மரக்குழல். வாயில் வைக்கிற இடத்தில் நாணல் சீவல் இரண்டைச் சேர்த்துக் கட்டியிருக்கும். நம்ம நாயனத்துச் சீவாளிக்குச் சொந்தம்தான் அது. வடக்கே இருக்கிற ஷெனாயும் இதே குடும்பம். வாசிக்கிறவரே கத்தியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சீவித் தேய்த்துத் தனக்கு வேண்டிய சீவலைத் தயார் பண்ணுகிறார். ஆனால் நாயனத்துச் சீவாளி அகலம், ஓபோவுடையது ஒடுக்கம். காற்று போகிற வழி அவ்வளவு சின்னது. மூச்சுப் போதாமல் திணறுவதை விட, உள்ளே தேங்கின காற்றை வெளியே விட முடியாமல் திணறுவதுதான் அதிகம். புது மூச்சு இழுப்பதற்கு முன்னால் பழசை ஊதித் தள்ளணும்.

சிம்பொனிச் சபையில் இதற்கு ஒரு கௌரவம் உண்டு. கச்சேரிக்கு முன்னால் ஓபோ ஒரு சுரம் பிடிக்கும். நூறு பேரும் அதை வைத்துத்தான் தங்கள் வாத்தியத்தைச் சுதி சேர்ப்பார்கள். சுரம் பிசகாமல் நிற்பதற்குத்தான் அந்த வாத்தியத்துக்கு அத்தனை சாவிகள், அத்தனை வருஷப் பயிற்சி.

ப்ளூஸ் கேட்பது இதற்கு நேர் எதிர். அடிமைமுறை ஒழிந்த பிறகும் கொத்தடிமை மாதிரியே பருத்திக் காட்டில் வெந்த ஜனங்களின் பாட்டு அது. அதில் மூன்றாம் சுரமும் ஐந்தாம் சுரமும் ஏழாம் சுரமும் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது. கொஞ்சம் கீழே இறங்கி, இழுபட்டு, குரல் உடைவது மாதிரி வரும். சாக்ஸபோனில் உதட்டைத் தளர்த்தினால் தாராளமாக வளையும். நாயனத்தில் சாவியே கிடையாது. விரலிலும் உதட்டிலும் மூச்சிலும்தான் கமகம். ஓபோவில் மயிரிழை பிசகினாலும் சுரம் கிறீச்சிடும், இல்லை செத்துப்போகும். பக்கத்தில் டிரம் அடித்தால் சத்தமும் எடுபடாது. இதில் போய் ப்ளூஸா என்று யாருக்கும் தோன்றும்.

லத்தீஃப் 1920-இல் தெற்கே டென்னசியில் பிறந்தவர். ஐந்து வயதில் குடும்பம் டெட்ராய்ட்டுக்கு வந்தது. கார்த் தொழிற்சாலைகளின் ஊர் அது. அவரும் கிரைஸ்லர் ஆலையில் உழைத்தார். இரவில் விடுதிகளில் சாக்ஸபோன். அகமதியா இயக்கத்தின் வழியாக இஸ்லாத்துக்குப் போய், பழைய பெயரை உதறினார். மதம் மாறுவது, பெயர் மாற்றுவது எல்லாம் நமக்குப் புதுசில்லை. ஆலையில் கூட வேலை செய்த சிரியாக்காரர் ஒருவர் சொல்லித்தான் ரபாப் என்கிற அரபு வாத்தியம் அவருக்கு அறிமுகம். ஓபோவை டெட்ராய்ட் சிம்பொனியில் வாசித்தவரிடமே முறையாகக் கற்றுக்கொண்டார்.

1961-இல் பதிவான 'ஈஸ்டர்ன் சவுண்ட்ஸ்' தட்டில் 'ப்ளூஸ் ஃபார் தி ஓரியன்ட்' என்று ஒன்று இருக்கிறது. கீழைத்தேயத்துக்கு ஒரு ப்ளூஸ். 'கீழைத்தேயம்' என்று பொதுவாகச் சொல்வது எனக்கு நெருடுகிறது, அது இருக்கட்டும். பியானோ பாரி ஹாரிஸ், அவரும் டெட்ராய்ட்காரர். ஓபோ முதலில் சாதுவாக வருகிறது. பிறகு சுரத்தைப் பிடித்து மெல்லக் கீழே இழுக்கிறார். அது அழுகிறதா ஏளனம் பண்ணுகிறதா என்று சொல்ல முடியவில்லை. அதே தட்டில் 'ஸ்பார்ட்டகஸ்' படத்தின் காதல் இசையையும் ஓபோவில் வாசிக்கிறார். ரோமாபுரி அடிமைக் கலகக்காரனின் படம். 1964-இல் பிலடெல்பியாவின் பெப்ஸ் விடுதியில் ஷெனாயிலும் வாசித்தார்.

இந்த வாத்தியம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று பாருங்க. நியூயார்க் பில்ஹார்மோனிக்கில் முதல் கறுப்பினக் கலைஞர் நிரந்தரமாகச் சேர்ந்தது 1962-இல், ஒரே ஒரு வயலின்காரர். 1969-இல் ஆர்ட் டேவிஸ், ஏர்ல் மேடிசன் என்ற இருவர் அந்தச் சபை நிறம் பார்க்கிறது என்று மனித உரிமை ஆணையத்துக்குப் போனார்கள். டேவிஸ், கோல்ட்ரேனோடு வாசித்த பாஸ் கலைஞர். முகம் தெரியாமல் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துக் கேளுங்கள், அப்புறம் திறமை பற்றிப் பேசலாம் என்றார். 1970-இல் தீர்ப்பு பாதி வந்தது: தற்காலிகக் கலைஞர்களை எடுப்பதில் பாகுபாடு உண்டு, நிரந்தர நியமனத்தில் இல்லை என்று. டேவிஸ் பிறகு உளவியல் படித்து முனைவரானார். லத்தீஃபின் டெட்ராய்ட்டிலோ, கறுப்பர்கள் பெரும்பான்மையாக வாழ்கிற ஊரில், 1989 வரைக்கும் சிம்பொனியின் 98 பேரில் கறுப்பர் ஒரே ஒருவர். அரசு மானியத்தை நிறுத்துவோம் என்று கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர்கள் மிரட்டின பிறகுதான் இரண்டாமவர் உள்ளே போனார். 'தகுதி போச்சு' என்ற கூப்பாடு அங்கேயும் எழுந்தது. வேலைக்கு மனுப்போட்ட நம்ம பிள்ளைகளுக்கு அந்த ராகம் நல்லாத் தெரியும்.

இன்னொன்று. லத்தீஃப் 'ஜாஸ்' என்ற சொல்லையே ஏற்கவில்லை. அகராதியில் அதற்கு இருக்கிற கொச்சை அர்த்தங்களைச் சுட்டிக்காட்டி, என் இசைக்கு இந்தப் பெயர் வேண்டாம் என்றார். உடல், மனம், ஆன்மா மூன்றிலிருந்தும் வருகிற இசை என்ற பொருளில் 'ஆட்டோஃபிசியோசைக்கிக்' என்று பெயர் வைத்தார். வாயில் நுழையாத பெயர்தான். இருந்தாலும் 'ஹரிஜன்' என்று யாரோ வைத்த பெயரைத் திருப்பிக் கொடுத்தவர்கள் நாம், இதில் சிரிக்க ஒன்றுமில்லை. 1975-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், பிறகு நைஜீரியாவில் சில வருஷம் ஆய்வு. 2013-இல் இறந்தார், 93 வயது.

இப்போ பறைக்கு வருகிறேன். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே போட்ட தோழரும், அதையே மேடையில் ஏற்றி அடிக்கிற தோழரும் எனக்கு ஒரே பக்கம். என் சந்தேகம் மூன்றாவது ஆள் மேல்தான். ஆய்வரங்கத்தில் வந்து, 'பறைதான் உங்க அடையாளம், அதை விட்டுடாதீங்க' என்று உருகுகிறார். வீணையை அவர் தன் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். நையாண்டி மேளத்தில் நம்ம ஆட்கள் எத்தனையோ பேர் நாயனம் வாசிக்கிறார்கள். அவர்களை எந்த ஆய்வரங்கமும் கூப்பிட்டதாக எனக்குத் தெரியவில்லை. பறை நம்முடையதுதான். நாயனமும் வயலினும் ஓபோவும் யாருடையது என்று சொல்ல இவர் யார்?

அந்த 1961 பதிவைக் கொண்டு வந்திருக்கிறேன், இப்போ போடுகிறேன். பறைக் குழுத் தோழர்கள் டிரம்மைக் கவனியுங்க, ஓபோவுக்கு எவ்வளவு இடம் விட்டு அடிக்கிறார் என்று. பின்னால் இருக்கிறவங்க கொஞ்சம் முன்னால வந்துடுங்க, சத்தம் பத்தாது.