கூண்டுகளுக்கு அப்பால் ஓர் அறை

ஊரிலிருந்து உறவினர் வந்து தங்கினால், தில்லியிலோ கொல்கத்தாவிலோ ஐதராபாத்திலோ குடியிருக்கும் நம்மவர் அவர்களை அழைத்துச் செல்லும் இடங்களுள் மிருகக்காட்சி சாலையும் ஒன்று. குழந்தைகள் புலியைக் கண்டு களிப்பார்கள். பெரியவர்கள் மரநிழலில் சற்றே இளைப்பாறுவார்கள். அந்தச் சாலையில் பார்வையாளர் எவரும் காணாத ஓர் அறை உண்டு. இறந்துபோன விலங்கையும் பறவையையும் அறுத்துச் சோதித்து, சாவின் காரணத்தைக் கண்டறியும் அறை அது. இன்று அதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

1999ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் மூளைக் காய்ச்சல் கண்ட சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அதே நாட்களில், நகரின் மற்றொரு பகுதியான பிராங்க்ஸில் இருக்கும் மிருகக்காட்சி சாலையின் சுற்றுப்புறத்தில் காகங்கள் செத்து விழுந்துகொண்டிருந்தன. செப்டம்பர் தொடக்கத்தில், மனிதரைப் பீடித்திருப்பது ‘செயின்ட் லூயி மூளைக் காய்ச்சல்’ என்று சுகாதார அதிகாரிகள் அறிவித்தார்கள். அது கொசுவினால் பரவுவது. ஆகவே நகரெங்கும் மருந்து தெளிக்கத் தொடங்கினார்கள். காகங்களின் சாவு வேறொரு இலாகாவின் விவகாரமாகவே கருதப்பட்டது.

அப்படிக் கருதாதவர் ஒருவர் இருந்தார். அவர் அந்த மிருகக்காட்சி சாலையின் நோயியல் நிபுணர் டிரேசி மக்நமாரா அம்மையார். சில நாட்களில் சாலைக்குள்ளிருந்த பறவைகளும் மடிந்தன. பூநாரை, நீர்க்காகம், வெண்தலைக் கழுகு எனப் பல இனங்கள். அறுத்துப் பார்த்தபோது மூளையில் இரத்தக் கசிவும் இருதயத் தசையில் சேதமும் தெரிந்தன. அவருடைய தர்க்கம் எளிமையானது. செயின்ட் லூயி கிருமி பறவைகளின் உடலில் தங்கி வாழ்வது. வழக்கமாக அவற்றைக் கொல்வதில்லை. இங்கோ பறவைகள் கொத்தாகச் சாகின்றன. அமெரிக்காவில் குதிரைகளைத் தாக்கும் மற்றொரு மூளைக் காய்ச்சல் உண்டு. அது ஈமு பறவைகளையும் தப்பவிடாது. ஆனால் சாலையிலிருந்த ஈமுக்கள் யாதொரு குறையுமின்றி உலவிக்கொண்டிருந்தன. ஆகவே வந்திருப்பது இரண்டும் அல்லாத வேறொன்று என்று அவர் முடிவு செய்தார்.

அவருடைய சொல்லுக்கு உடனே செவிசாய்ப்பார் இல்லை. அவர் மாதிரிகளை அயோவா மாநிலத்திலுள்ள கால்நடை ஆய்வகத்திற்கும், பின்னர் இராணுவ ஆய்வகம் ஒன்றுக்கும் அனுப்பினார். செப்டம்பர் இறுதியில் உண்மை வெளிப்பட்டது. அது மேற்கு நைல் கிருமி. 1937இல் உகாண்டாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அமெரிக்கக் கண்டத்தில் அதுவரை தலைகாட்டாதது. அவ்வாண்டு நியூயார்க் வட்டாரத்தில் ஏழு பேர் அந்நோயால் இறந்தனர். ஐந்தாண்டுகளுக்குள் அது மேற்குக் கடற்கரை வரை பரவிவிட்டது.

நியாயமாகச் சொல்வதானால், இரண்டு நோய்களும் கொசுவினால் பரவுவன. ஆகையால் தெளித்த மருந்து வீணாகிவிடவில்லை. ஆயினும், கண்டத்திற்கே புதிதான ஒரு கிருமி நுழைந்திருக்கிறது என்பதை முதலில் உணர்ந்தது மனிதருக்கான மருத்துவமனையன்று. மிருகக்காட்சி சாலையின் பிரேதப் பரிசோதனை மேசையே.

காட்டில் ஒரு குரங்கு இறந்தால் யார் கணக்கெடுப்பது? 1957இல் அன்றைய மைசூர் இராஜ்யத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்துக் கிடந்தன. அந்தக் காட்டை அடுத்த கிராமத்து மக்களும் காய்ச்சலில் விழுந்தனர். மஞ்சள் காய்ச்சலோ என்று முதலில் ஐயுற்றார்கள். புனே ஆராய்ச்சியாளர் ஆராய்ந்து, அது உண்ணிகளால் பரவும் புதிய நோய் என்று கண்டார்கள். இன்றும் அந்நோய்க்குக் கியாசனூர் என்றே பெயர். காட்டில் தற்செயலாகக் கண்ணில் படுவது, மிருகக்காட்சி சாலையில் அன்றாட அலுவலாகிறது. அங்கே ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் ஏடு உண்டு. நேற்று இரை தின்றதா, இன்று ஏன் தின்னவில்லை என்பதைப் பராமரிப்பவர் அறிவார்.

சாலையின் மதில் பறவைகளுக்குத் தடையன்று. தில்லி மிருகக்காட்சி சாலையின் குளத்து மரங்களில் 1960 முதல் சங்குவளை நாரைகள் வந்து கூடு கட்டுகின்றன. அவற்றை யாரும் பிடித்து வைக்கவில்லை. யமுனைக் கரையின் ஈரநிலங்களில் இரை தேடித் திரும்புகின்றன. ஆற்றின் நலமும் கேடும் அவற்றோடு உள்ளே வரும். 2016 அக்டோபரில் அங்கே பறவைகள் இறந்தன. பறவைக் காய்ச்சல் என்று உறுதியாகிச் சாலை மூடப்பட்டது. அன்று காணப்பட்ட எச்5என்8 வகை மனிதரைத் தொட்டதாக அப்போது செய்தியில்லை. 2021இல் ருஷ்ய நாடு, கோழிப்பண்ணைத் தொழிலாளர் ஏழு பேரிடம் அதைக் கண்டதாக அறிவித்தது.

நோய் எதிர்த்திசையிலும் செல்லும். 2020 ஏப்ரலில் அதே பிராங்க்ஸ் சாலையின் புலிக்குக் கொரோனா தொற்றியது. 2021இல் ஐதராபாத்தின் சிங்கங்களுக்கும் நம் வண்டலூர்ச் சிங்கங்களுக்கும் அதே கதி. நம்மிடமிருந்து அவற்றுக்குச் சென்ற நோய் அது.

மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றின் நலமும் ஒன்றே என்னும் இக்கொள்கையை ‘ஒரே நலம்’ என்று மொழிபெயர்க்கலாம். மொழிபெயர்ப்பது எளிது. நிர்வாகத்திலோ மிருகக்காட்சி சாலை ஓர் அமைச்சகத்தைச் சேர்ந்தது. கால்நடை இன்னொன்றைச் சேர்ந்தது. மனித சுகாதாரம் மூன்றாவதைச் சேர்ந்தது. கோப்புகள் ஒன்றையொன்று சந்திப்பது அரிது. இம்மூன்றையும் இணைத்து ஆராயும் தேசிய நிலையம் ஒன்றுக்கு 2022 டிசம்பரில் நாகபுரியில் அடிக்கல் நாட்டினார்கள். நல்ல காரியம். மிருகக்காட்சி சாலையில் ஒரு பறவை இறந்தால், அதன் பரிசோதனை அறிக்கையின் நகல் ஒன்று நகரச் சுகாதார அதிகாரியின் மேசைக்கும் அன்றைக்கே போய்ச் சேரும்படி செய்வதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை.