ஐந்து நிமிடத்தில் ஒரு விமானம்: எம்-2 நீர்மூழ்கியின் கதை

இன்னைக்கு எபிசோடு ஒரு கதவைப் பத்தி. பிரிட்டிஷ் கடற்படையோட எம்-2 நீர்மூழ்கியில, முன்பக்கம் இருந்த ஒரு பெரிய கதவு. அதுக்குப் பின்னாடி ஒரு குட்டி விமானம் நின்னுச்சு. ஆமா, நீர்மூழ்கிக்குள்ள விமானம்.

இது எப்படி வந்துச்சுன்னு முதல்ல பார்ப்போம். முதல் உலகப்போர் சமயத்துல பிரிட்டன் 'எம்' வகை நீர்மூழ்கிகளைக் கட்டுனாங்க. அதுல வெச்சது 12 அங்குல பீரங்கி. பழைய பெரிய போர்க்கப்பல்கள்ல இருக்கிற சைஸ். குண்டு ஒண்ணு சுமார் 385 கிலோ. குழாய் முனை மட்டும் தண்ணிக்கு மேல தெரியற மாதிரி ஒளிஞ்சு வந்து, சட்டுனு எழும்பி, சுட்டுட்டு மறுபடி முங்கிடணும். ஐடியா என்னவோ செம. ஆனா அடுத்த குண்டு போடணும்னா முழுசா மேல வந்தே ஆகணும்.

போர் முடிஞ்சது. 1922-ல வாஷிங்டன் ஒப்பந்தம் வந்து, பெரிய போர்க்கப்பல் அல்லாத புதுக் கப்பல்களுக்கு 8 அங்குலத்துக்கு மேல பீரங்கி கூடாதுன்னு கோடு போட்டுச்சு. எம்-1, 1925 நவம்பர்ல ஒரு ஸ்வீடன் கப்பல் மோதி மூழ்கிடுச்சு. உள்ள இருந்த 69 பேரும் இறந்தாங்க. மிச்சம் இருந்த எம்-2, எம்-3 ரெண்டுலயும் பீரங்கியைக் கழட்டிட்டாங்க. எம்-3 கண்ணிவெடி போடுற கப்பல் ஆச்சு. எம்-2-ல, பீரங்கி இருந்த இடத்துல ஒரு ஹேங்கர் கட்டுனாங்க.

ஏன் விமானம்? கணக்கு ரொம்ப சிம்பிள். நீர்மூழ்கியோட மேல்தளத்துல நின்னு பார்க்கிற ஆளோட கண்ணு கடல்மட்டத்துல இருந்து ஒரு 9 மீட்டர் உயரத்துல இருக்குன்னு வெச்சுக்கோங்க. அடிவானம் 11 கிலோமீட்டர்லயே முடிஞ்சிடும். அதே ஆளை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏத்துனா 110 கிலோமீட்டருக்கு மேல தெரியும். ரேடார் இல்லாத காலம். கடற்படைக்கு முன்னாடி ஒளிஞ்சு போய், ஒரு விமானத்தைப் பறக்க விட்டு, எதிரி எங்க இருக்கான்னு பார்த்துட்டுத் திரும்ப முங்க முடிஞ்சா அது எவ்வளவு பெரிய விஷயம்! இதை முட்டாள்தனம்னு சிரிக்கிறவங்க கூட நான் சேர மாட்டேன். தேவை நியாயமானது.

பார்னல் பீட்டோங்கிற கடல் விமானத்தை இதுக்காகவே செஞ்சாங்க. ரெண்டு பேர் உட்காரலாம். இறக்கையை மடிச்சா அகலம் வெறும் 8 அடி. ஹேங்கர் கதவைத் திறந்து, விமானத்தை வெளிய இழுத்து, இறக்கையை விரிச்சு, கேட்டபுல்ட்ல இருந்து எறிவாங்க. திரும்பி வந்து கடல்ல இறங்கினதும் கிரேன் வெச்சு தூக்கிக்குவாங்க.

பிரச்சினை இங்கதான். தண்ணிக்கு மேல நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் எதிரி கண்ணுல படுற நிமிஷம். அதனால எவ்வளவு சீக்கிரம் விமானத்தை அனுப்புறோம்ங்கிறது மாலுமிகளுக்குப் பந்தயம் மாதிரி ஆச்சு. ஐந்து நிமிஷம் வரைக்கும் குறைச்சாங்க. எங்க ஃபீல்டுல டிப்ளாய் நேரத்தைக் குறைக்கிறதைப் பெருமையா பேசிக்குவோம்ல, அதே மாதிரி.

நேரம் எங்க மிச்சமாகும்? பேலஸ்ட் டேங்க்ல இருக்கிற தண்ணியை முழுசா காத்தால வெளிய தள்ள கால் மணி நேரம் வரைக்கும் ஆகும். ஆனா கப்பல் ஓடிட்டே இருந்தா ஹைட்ரோபிளேன், அதாவது மீனோட துடுப்பு மாதிரி பக்கத்துல நீட்டிட்டு இருக்கிற தகடுகளைச் சாய்ச்சே கப்பலை மேல தூக்கிப் பிடிக்கலாம். டேங்க் காலியாகிட்டு இருக்கும்போதே கதவைத் திறந்துடலாம். அந்த நேரத்துல கப்பல் மிதக்கலைங்க, கிட்டத்தட்ட பறந்துட்டு இருக்கு. தகடு தவறுனாலோ, வேகம் குறைஞ்சாலோ கீழ போயிடும். முன்னாடி வாய் மாதிரி ஒரு ஹேங்கர் திறந்து கிடக்கு.

1932 ஜனவரி 26. இங்கிலாந்தோட தென்கரையில போர்ட்லண்ட்ல இருந்து பயிற்சிக்குக் கிளம்புச்சு எம்-2. 10.30-க்கு முங்கப் போறோம்னு தகவல் அனுப்புனாங்க. அதுக்கப்புறம் சத்தமே இல்லை.

11.15 வாக்குல அந்தப் பக்கம் போன 'டைன்சைடர்'ங்கிற சரக்குக் கப்பலோட கேப்டன், ஒரு பெரிய நீர்மூழ்கி பின்பக்கமா கீழ இறங்குறதைப் பார்த்திருக்கார். நீர்மூழ்கி முன்பக்கமாத்தான் முங்கும்ங்கிறது அவருக்குத் தெரியாது. போர்ட்லண்டுக்கு வந்த பிறகு பேச்சுவாக்குல சொல்லியிருக்கார், அவ்வளவுதான்.

எட்டு நாள் தேடி, பிப்ரவரி 3-ல கண்டுபிடிச்சாங்க. டைவர்கள் இறங்கிப் பார்த்தா ஹேங்கர் கதவு திறந்திருக்கு. விமானம் உள்ளயே இருக்கு. 60 பேர்ல ஒருத்தர்கூட பிழைக்கலை. அதுல ரெண்டு பேர் விமானப்படை ஆளுங்க.

கதவு வழியா தண்ணி புகுந்ததுதான் காரணம்னு பொதுவா சொல்வாங்க. பின்பக்க ஹைட்ரோபிளேன் பழுதாகி இருக்கலாம்னு இன்னொரு கருத்து. டைன்சைடர் கேப்டன் பார்த்த காட்சிக்கு இது பொருந்துது. என்னைக் கேட்டா ரெண்டையும் தனித்தனியா பார்க்க வேண்டியதே இல்லை. தகடுகளை நம்பிக் கதவைத் திறக்கிற முறையில, தகடு கெட்டாலும் முடிவு அதேதான். டேங்க் காலியாகாம கதவு திறக்கவே முடியாதபடி ஒரு பூட்டு இருந்திருந்தா சில நிமிஷம் கூடுதலா ஆகியிருக்கும்.

கப்பலை வெளிய எடுக்க, ஸ்காட்லாந்து கடல்ல மூழ்கிக் கிடந்த ஜெர்மன் போர்க்கப்பல்களைத் தூக்கிப் பேர் வாங்குன எர்னஸ்ட் காக்ஸைக் கூப்பிட்டாங்க. பல மாசம் போராடுனாரு. டிசம்பர் 8-ம் தேதி மேற்பரப்புக்கு 6 மீட்டர் தூரம் வரைக்கும் கொண்டு வந்துட்டாரு. அப்ப பார்த்து புயல் காத்து. கப்பல் திரும்பக் கீழ போயிடுச்சு.

பிரிட்டிஷ் கடற்படை அதுக்கப்புறம் நீர்மூழ்கியில விமானம் வைக்கலை. ஜப்பான் வெச்சாங்க. 1942 செப்டம்பர்ல ஐ-25 நீர்மூழ்கியில இருந்து கிளம்புன விமானம், அமெரிக்காவோட ஓரிகன் காட்டுல குண்டு போட்டுச்சு. அதை ஓட்டுன நோபுவோ ஃபுஜிடாவுக்குத் தனி எபிசோடே போடலாம், போடுவோம்.

எம்-2 இன்னும் அங்கயேதான் இருக்கு, 30 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான ஆழத்துல, நிமிர்ந்த நிலையில. டைவிங் போறவங்க பார்த்துட்டு வர்றாங்க.