ஒரு மொழி பேசிய பகைநகரங்கள்

ஒரே மொழியைப் பேசினர்; ஒரே தெய்வங்களை வழிபட்டனர்; ஓமரின் பெயரால் வழங்கும் காப்பியங்களை ஓதி வளர்ந்தனர்; நான்காண்டுக்கு ஒருமுறை ஒலிம்பியாவில் ஒரே களத்தில் ஓடி விளையாடினர். தம் மொழி பேசாதாரை எல்லாம் 'பார்பரோசு' என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கினர். அத்துணை ஒருமைப்பாடு இருந்தும் அவர்கள் ஒரு நாடாக வாழ்ந்தாரில்லை. ஒருவரை ஒருவர் வீழ்த்தினர், வீழ்த்தியவரும் வீழ்ந்தனர், இறுதியில் எல்லாரும் வடக்கிலிருந்து வந்த ஒரு வேந்தனுக்கு அடங்கினர். அவர்களே பண்டைக் கிரேக்கர்.

கழக இலக்கியங்கள் சுட்டும் 'யவனர்' என்னும் பெயர், கிரேக்க இனத்தின் ஒரு கிளையினராகிய அயோனியரின் பெயரிலிருந்து பிறந்தது. மிளகு தேடி முசிறிக்கு யவன நாவாய்கள் வந்து சேர்ந்த காலத்தில், கிரேக்க நகரங்கள் தம் ஆட்சியுரிமையை இழந்து உரோமைப் பேரரசுக்கு உட்பட்டுக் கிடந்தன. குடியாட்சி என்னும் சொல்லையே உலகுக்கு வழங்கிய ஒரு மக்கள், தம் உரிமையை எவ்வாறு இழந்தனர்? அதனை ஆராய்வதே இப் பொழிவின் நோக்கம்.

இரு நகரங்கள், இரு வழிகள்

கிரேக்கம் மலைகளால் பகுக்கப்பட்ட நிலம். ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரு நகரம். அதனைச் சூழ்ந்து சில ஊர்கள். அவற்றுக்குத் தனி ஆட்சி, தனிச் சட்டம், தனிப் படை. இவ்வாறமைந்த நகரரசைப் 'போலிசு' என்றனர். கடல்கடந்து குடியேறிய இடங்களையும் சேர்த்தெண்ணின், இத்தகைய நகரரசுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் தலைமைக்குப் போட்டியிட்டு எழுந்தவை மூன்று: ஏதென்சு, இசுபார்ட்டா, தீபசு.

ஏதென்சில் கடன்பட்ட உழவன், கடனைத் தீர்க்க இயலாதபோது தானே அடிமையாக விற்கப்பட்டான். கி.மு. 594-இல் சட்டம் வகுக்கும் பொறுப்பேற்ற சோலன், உடலை ஈடாக வைத்துக் கடன் கொடுக்கும் வழக்கத்தை அடியோடு தடுத்தார். கி.மு. 508-இல் கிளைசுதனீசு பழைய குடிவழிப் பிரிவுகளின் வலிமையை உடைத்தார்; கடற்கரையார், நகரத்தார், உள்நாட்டார் ஆகிய மூவரும் ஒவ்வொன்றிலும் கலந்திருக்குமாறு பத்துப் புதிய பிரிவுகளை அமைத்தார். பிரிவுக்கு 50 பேராக 500 பேர் கொண்ட ஆட்சியவை உருவாயிற்று.

பின்னர், கி.மு. 483 அளவில் இலாரியம் சுரங்கத்தில் மிகுதியான வெள்ளி கிடைத்தது. அதனைக் குடிகள் ஆளுக்குச் சிறிதாகப் பகிர்ந்து கொள்வதாக இருந்தது. 'பகிர்ந்து உண்ணற்க, கப்பல் கட்டுக' என்னும் கருத்தைத் தெமிசுட்டாக்கிளீசு முன்வைத்து வென்றார். மூவரிசைத் துடுப்புகள் கொண்ட அக் கப்பல் ஒவ்வொன்றையும் செலுத்த 170 பேர் வேண்டும். நிலமற்ற ஏழைக் குடிகள் துடுப்புப் பிடித்தனர். நாட்டைக் காக்கும் கைகள் ஏழையின் கைகள் ஆனபின், ஆட்சி மன்றத்தில் அவன் குரலை எவர் மறுக்க முடியும்? ஏதென்சின் குடியாட்சி வலுப்பெற்றதற்கு அத் துடுப்புகளே பெருங்கரணியம். ஆயினும் பெண்டிர்க்கும், அடிமைகட்கும், வெளியூரினின்று வந்து வாழ்ந்தார்க்கும் அம் மன்றத்தில் இடமில்லை என்பதையும் மறத்தலாகாது.

இசுபார்ட்டா வேறு வழியிற் சென்றது. அங்கு இரண்டு அரசர்; ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் ஐந்து மேற்பார்வையர்; அறுபது அகவை கடந்த 28 முதியோரும் அவ் வரசர் இருவரும் அமர்ந்த முதியோர் அவை. ஏழு அகவையில் சிறுவனைத் தாயிடமிருந்து பிரித்துப் போர்ப்பயிற்சியில் சேர்த்தனர். குடிமகன் உழவில்லை, வணிகம் செய்யவில்லை, படைக்கலம் ஒன்றே அவன் தொழில். அவனுக்குச் சோறிட்டவர் யாவர்? வென்றடக்கப்பட்ட மெசினியா நாட்டு மக்களும் பிறருமாகிய 'எலோட்டர்' என்னும் நில அடிமைகள். ஆண்டுதோறும் இசுபார்ட்டாவின் மேற்பார்வையர் அவ் வடிமைகள்மீது முறைப்படி போர் அறிவித்தனர் என்று புளூட்டார்க்கு குறிக்கின்றார். அவர்களைக் கொல்வது பழியாகாமைப் பொருட்டு! தனக்குச் சோறிடும் கையைக் கண்டே நடுங்கிய நாடு அது. உலகம் வியந்த அதன் மறத்தின் அடியில் அவ் வச்சம் புதைந்து கிடந்தது.

கூடி வென்ற ஓராண்டு

கி.மு. 490-இல் மாரத்தான் வெளியில் பாரசீகப் படையை ஏதென்சியரும், துணைக்கு வந்த பிளட்டீயா என்னும் சிறுநகரத்தாரும் வென்றனர். பத்தாண்டு கழித்துப் பாரசீக வேந்தன் செர்க்சீசு பெரும்படையுடன் வந்தான். கி.மு. 480-இல் தெர்மாப்பிலைக் கணவாயில் இசுபார்ட்டாவின் அரசன் இலியோனிடாசு தன் மறவர் முந்நூற்றுவரோடும் தெசுப்பியா நகரத்தாரோடும் நின்று மாய்ந்தான். அதே ஆண்டில் சாலமிசுக் கடலில் ஏதென்சின் கப்பல்கள் முன்னின்று வென்றன. மறு ஆண்டு பிளட்டீயாக் களத்தில் இசுபார்ட்டாவின் தலைமையில் தரைப்படை வென்றது.

அவ் வெற்றியின் நினைவாகத் தெல்பித் திருக்கோவிலில் வெண்கலப் பாம்புத்தூண் ஒன்றை நிறுத்தினர். பின்னாளில் பெயர்த்துக் கொண்டு செல்லப்பட்ட அத் தூணின் எஞ்சிய பகுதி இன்றும் இசுதான்புல் நகரில் நிற்கின்றது. கூடிப் போரிட்டவர் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றின் எண்ணிக்கை 31. ஆயிரம் நகரங்கள் பேசிய மொழிக்காக எழுந்து நின்றவை முப்பத்தொன்றே! தீபசோ, பிளட்டீயாக் களத்தில் பாரசீகர் பக்கம் நின்று போரிட்டது. எனினும் அம் முப்பத்தொரு பெயர்கள் ஒன்றுபட்ட அளவிற்கே கிரேக்கம் பிழைத்தது.

திறையான கூட்டுப்பணம்

பாரசீகரை மேலும் துரத்த, கி.மு. 478-இல் ஏதென்சின் தலைமையில் கடலோர நகரங்கள் ஒரு கூட்டணி அமைத்தன. இரும்புக் கட்டிகளைக் கடலில் எறிந்து, அவை மிதக்குங்காறும் இவ் வுறவு முறியாது எனும் பொருள்படச் சூளுரைத்தனர். பொதுக் கருவூலம் தேலோசுத் தீவில் வைக்கப்பட்டது. கப்பல் தர இயலாதார் பணம் தந்தனர். தொடக்கத்தில் வகுத்த ஆண்டுத் தொகை 460 தாலந்து எனத் துசிடைடீசு எழுதுகின்றார். ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 26 கிலோ வெள்ளி.

பாரசீக அச்சம் குறைந்தபின் நக்சோசு விலக முயன்றது. ஏதென்சு அதனை முற்றுகையிட்டு அடக்கியது. தாசோசு விலக முயன்றது. அதன் மதில் இடிக்கப்பட்டது, கப்பல்கள் பறிக்கப்பட்டன. கி.மு. 454-இல் கருவூலமே ஏதென்சுக்குப் பெயர்ந்தது. கூட்டுப்பணம் திறையாயிற்று. கி.மு. 447-இல் தொடங்கிய பார்த்தினான் கோவில் உள்ளிட்ட பெருங்கட்டடப் பணிகளுக்குத் துணைநகரங்களின் பணத்தைச் செலவிடுதல் தகுமோ என ஏதென்சு மன்றத்திலேயே சிலர் கேட்டனர். அக் கேள்வி எடுபடவில்லை.

கி.மு. 451-இல் பெரிக்கிளீசு கொண்டுவந்த சட்டம், தாய் தந்தை இருவரும் ஏதென்சியராய்ப் பிறந்தாலன்றிக் குடியுரிமை இல்லை என்றது. துணைநகரத்தார் பணம் தரலாம், போரில் சாகலாம், தம் வழக்குகளை ஏதென்சு மன்றத்துக்குக் கொண்டு வரலாம், ஆனால் அம் மன்றத்தில் கையுயர்த்த மட்டும் இயலாது. தன் துடுப்பாளிக்குப் பங்கு தந்து உயர்ந்த நகரம், தன் தோழனுக்குப் பங்கு தர மறுத்தது. ஏதென்சின் வீழ்ச்சி அம் மறுப்பிலேயே தொடங்கிவிட்டது.

தன்னைத் தின்ற போர்

கி.மு. 431-இல் ஏதென்சுக்கும் இசுபார்ட்டாவுக்கும் மூண்ட போர், இடைவிட்டு 27 ஆண்டுகள் நடந்தது. மறு ஆண்டே மதிலுக்குள் நெருங்கிக் கிடந்த மக்களைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிற்று. கி.மு. 429-இல் பெரிக்கிளீசும் மாண்டார்.

போர் நீள நீள நெஞ்சம் மரத்தது. கி.மு. 427-இல் கிளர்ந்தெழுந்த மிட்டிலீனி நகரத்து ஆடவர் அனைவரையும் கொல்ல ஏதென்சு மன்றம் முடிவு செய்தது. மறுநாள் மனம் வருந்தி, முன் சென்ற கப்பலைத் தொடர்ந்து மற்றொரு கப்பலை விரைந்து அனுப்பி அக் கொலையைத் தடுத்தது. பதினோராண்டு கழித்து மீலோசுத் தீவு பணிய மறுத்தபோது அவ் வருத்தமும் இல்லை. பிடிபட்ட ஆடவர் கொல்லப்பட்டனர். பெண்டிரும் பிள்ளைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர். கொன்றவரும் கிரேக்கம் பேசினர். கொல்லப்பட்டவரும் கிரேக்கம் பேசினர்.

கி.மு. 415-இல் ஏதென்சு தன் பெருங்கடற்படையைச் சிசிலித் தீவுக்கு அனுப்பியது. ஈராண்டில் அப் படை முற்றும் அழிந்தது. சிறைப்பட்டார் ஏழாயிரவர்க்குக் குறையாதார் சிராக்கூசு நகரின் கற்குழிகளில் அடைபட்டு வாடினர். அச் செய்தி பரவியதும் துணைநகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. அடக்கி வைத்த உறவு, அடக்கும் கை தளர்ந்த அன்றே முறிந்தது.

ஏதென்சை வீழ்த்த இசுபார்ட்டா நாடியது எவரை? இரண்டு தலைமுறைக்கு முன் எவரை எதிர்த்து இலியோனிடாசு மாய்ந்தானோ அதே பாரசீகரை! கி.மு. 412-இல் செய்த உடன்படிக்கையில், ஆசியக் கரையிலிருந்த கிரேக்க நகரங்களின்மீது பாரசீக வேந்தனுக்கிருந்த உரிமையை இசுபார்ட்டா ஒப்பியது. பாரசீகப் பொன்னால் கட்டிய கப்பல்களைக் கொண்டு கி.மு. 405-இல் இலைசாந்தர் ஏதென்சின் கடற்படையை அழித்தான். மறு ஆண்டு ஏதென்சு பணிந்தது. அந் நகரையே அழித்துவிட வேண்டுமெனத் தீபசும் கொரிந்தும் கேட்டன. பாரசீகப் போரில் கிரேக்கத்துக்கு அரும்பணி ஆற்றிய நகரை அடிமைப்படுத்த இயலாதென இசுபார்ட்டா மறுத்தது. அவ் வொரு செயலை அதன் பெருமைக்கு எழுதலாம். ஏதென்சின் நெடுமதில்கள் குழலிசை முழங்க இடிக்கப்பட்டன. அந் நாள் கிரேக்க விடுதலையின் தொடக்கம் என்று வென்றவர் எண்ணினர் எனச் செனபோன் எழுதி வைத்தார்.

விடுதலை வந்ததா? ஏதென்சில் இசுபார்ட்டாவின் துணையோடு அமர்ந்த முப்பதின்மர் சில திங்களில் ஏறத்தாழ 1,500 பேரைக் கொன்றனர். பிற நகரங்களில் இசுபார்ட்டாவின் படைத்தலைவர் அதிகாரம் செலுத்தினர். கி.மு. 386-இல் கிரேக்க நகரங்களின் அமைதி உடன்படிக்கை, பாரசீக வேந்தனின் ஆணையாக வந்தது. ஆசியக் கிரேக்கர் அவனுக்கே உரியவராயினர். உடன்பிறந்தானை வெல்ல அயலானிடம் வாங்கிய பொன்னுக்கு, உடன்பிறந்தானின் நிலமே விலையாயிற்று.

குறுகிய குடியும் குமுறிய அண்டையும்

கி.மு. 371-இல் இலியூக்திராக் களத்தில் எப்பமினோண்டாசு தலைமையேற்ற தீபசுப் படை, வெல்ல இயலாதது எனப் பெயர்பெற்ற இசுபார்ட்டாப் படையை முறியடித்தது. அக் களத்தில் நின்ற இசுபார்ட்டாக் குடிமக்கள் 700 பேர். மாண்டவர் 400 பேர். ஒரு பேரரசின் வலிமை எழுநூற்றுவராகச் சுருங்கியது எவ்வாறு? பாரசீகப் போர்க் காலத்தில் அங்குப் போர்த்தகுதி உடையார் 8,000 பேர் எனக் எரோடோட்டசு குறிக்கின்றார். பொது உணவுக்குத் தன் பங்கைச் செலுத்த இயலாதவன் குடியுரிமை இழந்தான். நிலம் சிலர் கையில் குவியக் குவியக் குடிகள் குறைந்தனர். புதியாரைச் சேர்க்க மனமில்லை. ஆயிரவர்க்கும் குறைந்துபோன அக் குடித்தொகையையே அந் நகரின் அழிவுக்குக் கரணியமாக அரிசுட்டாட்டில் காட்டினார்.

எப்பமினோண்டாசு மெசினியாவுக்குள் புகுந்து, தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டிருந்த மக்களை விடுவித்தார். கி.மு. 369-இல் மெசினி என்னும் புதுநகர் எழுந்தது. கிரேக்க வரலாற்றில் ஒளிவிடும் செயல் அது. ஆனால் அடிமைகளை விடுவித்த அதே தீபசு, தன் அண்டை நகரங்களை என்ன செய்தது? கி.மு. 373-இல் பிளட்டீயாவை அழித்தது, கி.மு. 364-இல் ஒர்க்கோமெனோசு நகரை அழித்து, ஆடவரைக் கொன்று, ஏனையோரை விற்றது. கி.மு. 362-இல் மாண்டினியாக் களத்தில் எப்பமினோண்டாசு வீழ்ந்தார். அவரோடு தீபசின் தலைமையும் வீழ்ந்தது.

இவற்றை எல்லாம் கண்ட ஓர் இளைஞன் இருந்தான். தீபசில் பிணையாளாக வைக்கப்பட்டிருந்த மாசிடோனிய அரசகுமரன் பிலிப்பு அவன். கி.மு. 338-இல் அவனே கெய்ரோனியாக் களத்தில் ஏதென்சையும் தீபசையும் ஒருங்கே வென்றான். அவை ஒன்றுபட்டு நின்றன. ஆனால் மிகவும் காலங்கடந்து நின்றன. அவன் மகன் அலெக்சாந்தருக்கு எதிராகக் கி.மு. 335-இல் தீபசு எழுந்து தோற்றபோது, அந் நகருக்குரிய ஒறுப்பை முடிவு செய்யும் பொறுப்பு, அவன் பக்கம் நின்ற கிரேக்கரிடமே விடப்பட்டது. அமர்ந்திருந்தோருள் பிளட்டீயரும் ஒர்க்கோமெனியரும் இருந்தனர். அவர்கள் தீபசின் அழிவையே கேட்டனர். ஆறாயிரவர் மாண்டனர், முப்பதாயிரவர் விலைப்பட்டனர், பாவலர் பிண்டாரின் வீடு ஒன்றைப் போற்றி விட்டுவைத்தனர். வாள் மாசிடோனியாவினது, தீர்ப்போ தீபசு தானே விதைத்து விளைத்தது!

எஞ்சியது

கி.பி. 48-இல் உரோமை வேந்தன் கிளாடியசு, கால் நாட்டுத் தலைவர்களை உரோமை ஆட்சியவையில் சேர்க்க வேண்டுமெனப் பேசியபோது, ஏதென்சையும் இசுபார்ட்டாவையும் எடுத்துக்காட்டினான். போரில் அத்துணை வலிமை பெற்றிருந்தும், வென்றடக்கியவரை அயலாராகவே ஒதுக்கியதால் அவை அழிந்தன என்பது அவன் கருத்து. தாசிட்டசு இதனை எழுதி வைத்துள்ளார். பேரரசின் வேந்தன் கூறினான் என்பதற்காக அவ் வுண்மை பொய்யாகிவிடாது.

ஆயினும் ஒன்று அழியவில்லை. தன்னை வென்ற மாசிடோனியாவின் அரசவையில் ஏதென்சின் மொழிவழக்கே ஆட்சிமொழியாயிற்று. அதனை அடித்தளமாகக் கொண்ட பொதுக்கிரேக்கம், எகிப்து முதல் ஆப்கானித்தானம் வரை பரவியது. காந்தகாரில் 1958-இல் வெளிப்பட்ட அசோகனின் பாறைக் கல்வெட்டு, கிரேக்கத்திலும் அரமேயத்திலும் எழுதப்பட்டதாகும். ஏதென்சின் கப்பல்கள் செல்லாத நிலங்களுக்கும் அதன் சொற்கள் சென்றன.

மொழியால் ஒன்றுபட்ட மக்கள் இதனைக் கூர்ந்து எண்ணுதல் வேண்டும். ஒரு மொழி இருந்ததால் கிரேக்கர் ஒருவரை ஒருவர் அறிந்தனர்; ஒரு மக்கள் என உணரவும் செய்தனர். ஆனால் அம் மொழி பேசிய மெலியானுக்கு வலியான் தன் அவையில் இடம் தரவில்லை. அதனால் மொழியுறவு ஆட்சியுறவாக வளரவில்லை. மெலியானின் குறை, அயலான் நுழையும் வாயிலாயிற்று. பாம்புத்தூணில் பெயர் பொறித்த அன்று சிறுநகரத்துக்கும் பெருநகரத்துக்கும் ஒரே அளவான எழுத்து. அவ் வளவை ஆட்சியிலும் காத்திருந்தால், கிரேக்கத்தின் வரலாறு வேறாக அமைந்திருக்கும்.