பனியை அளக்கும் அன்பர்கள்



அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பனிப்புயலை எதிர்நோக்கிக் கண்விழிக்கும் அன்பர்கள் பலர். வானிலை அவர்கட்குத் தொழிலன்று, பொழுதுபோக்கே. வெண்மை பூசிய பலகையை முற்றத்தில் வைத்து, அதன்மேல் வீழும் பனியைக் கோலால் அளந்து, பலகையைத் துடைத்து மீண்டும் வைக்கின்றனர். ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறைக்கு மேல் துடைத்தலாகாது. துடைத்தால் பனி அமுங்க இடமின்றிக் கணக்கு ஏறிவிடும். பேரேடு எழுதும் எங்களுக்கு இவ்விதி மிகவும் பிடித்தது!

முன்கூட்டிச் சொல்வதோ எளிதன்று. 2015 ஜனவரி 26ஆம் நாள் நியூயார்க்கில் ஏறத்தாழ இரண்டடிப் பனி வீழுமென அறிவித்து, சுரங்க ரயில்களையும் நிறுத்தினர். புயல் சற்றே கிழக்கில் விலகியது. நகரின் சென்ட்ரல் பூங்காவில் கிடைத்தது 9.8 அங்குலம், கிழக்கேயுள்ள இஸ்லிப்பில் ஏறத்தாழ 25 அங்குலம்! அரசாங்க வானிலையாளர் ஒருவர் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். வீணே வண்டியை நிறுத்தினரென்று நகரத்தார் குறை கூறினர். ரயில்வேயில் பணியாற்றும் நாங்கள் அதனை ஒப்போம். நடுவழியில் பனியில் சிக்கிய வண்டிக்கு யார் பொறுப்பு?

மறு ஆண்டு ஜனவரியில் அதே பூங்காவில், முன்னறிவிப்பை மிஞ்சி, 27.5 அங்குலம் வீழ்ந்தது. அன்று பலகைகளே புதைந்திருக்கும்.