கட்டடக் கலைஞர் எழுப்பிய களஞ்சியம்



பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம் 1954இல் தொடங்கி, 1968இல் பத்தாம் மடலத்தோடு நிறைவுற்றது. அதற்கு அறிஞர் குழு இருந்தது. அரசின் பொருளுதவியும் இருந்தது. இணையத்தில் வளரும் தமிழ் விக்கிப்பீடியாவின் கால்கோளோ இவ்விரண்டும் இன்றியே நடந்தது.

அதற்கு அடியிட்டவருள் முதன்மையானவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், தமிழ்ப் புலவர் அல்லர், கட்டடக் கலைஞர். பிழைப்பின் பொருட்டு அரபு நாட்டில் வாழ்ந்தவாறே, 2003 நவம்பரில் அத்தளத்தின் பொத்தான்களுக்கும் பட்டிகளுக்கும் தமிழ்ப்பெயர் இடத் தொடங்கினார். ஒரு காசு கூலியில்லை. அலுவல் போக எஞ்சிய பொழுதில் அவர் தொடங்கிவைத்த கட்டுரைகள் நாலாயிரத்தைத் தாண்டின! 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதைக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு வழங்கியது.

அங்கே எழுதியவர் எழுத்துக்கு உரிமையாளர் அல்லர். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துவர். திருத்தத்தை வேறொருவர் மறுப்பர். கிரந்த எழுத்து வேண்டுமா, வேண்டாவா என்னும் வழக்கும் அவ்வாறே உரையாடற் பக்கங்களில் நெடுங்காலம் நடந்துவந்துள்ளது. வெளியே நின்று வெகுள்வோர்க்கு அவ்வழக்கில் இடமில்லை; உள்ளே புகுந்து எழுதுவோர்க்கே உண்டு. மேடைதோறும் கலைச்சொல் முழங்கும் தனித்தமிழ் அன்பருள் எத்தனை பேர் அங்கு ஒரு கட்டுரையேனும் எழுதினர்?

2017இல் கட்டுரைகள் நூறாயிரத்தைக் கடந்தன. இன்னும் எழுதப்படாத தலைப்புகள், கட்டுரைகளின் நடுவே செந்நிற எழுத்தில் ஆள்நோக்கிக் கிடக்கின்றன.