கண்ணால் கேட்கும் மொழி



சங்கப் பாடல்களில் உவமை என்ற பொருளில் பேசுமாறு பணித்தார்கள். ஓர் உவமையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது இட்டுச்செல்லும் இடத்திற்குப் போக அவையோர் இசைவு தர வேண்டும்.

குறுந்தொகையின் 58ஆம் பாடல் வெள்ளிவீதியார் பாடியது. இடித்துரைக்கும் பாங்கனுக்குத் தலைவன் விடை சொல்கிறான். வெயில் காயும் பாறை; அதன்மேல் வெண்ணெய்; காவலுக்கு இருப்பவனோ கையில்லாத ஊமன். வெண்ணெய் உருகிப் பரவுவதைக் கண்ணால் பார்ப்பதன்றி அவனால் ஆவதொன்றில்லை. காமநோயும் அவ்வாறே தன்னிடம் பரவியது என்கிறான். எடுத்துக் காக்கக் கையில்லை, பிறரைக் கூவி அழைக்க வாயில்லை என்று வகுப்பில் பாடம் சொல்கிறோம். பொருத்தமே. எனினும் அங்கே இன்னொன்றும் உண்டெனக் கருதுகிறேன். கையுள்ள ஊமன் கையசைத்தாவது செய்தியைச் சொல்லிவிடுவான். கையையும் நீக்கிய பிறகே அவனுடைய மொழி முற்றாக அடைபடுகிறது. ஊமனின் நா அவன் கையில் இருப்பதை அப்புலவர் அறிந்திருந்தார்.

நாமோ, காது கேளாதோர் உதட்டசைவைப் பார்த்தே அனைத்தையும் அறிந்துகொள்வர் என்று எண்ணுகிறோம். தொல்காப்பியப் பிறப்பியலைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சோதித்துப் பாருங்கள். பகரமும் மகரமும் இதழ் இரண்டும் பொருந்தப் பிறப்பவை. மகரத்திற்கு மட்டும் மூக்கின் வழியே காற்றுச் செல்லும். அக்காற்றைக் கண் காணுமா? 'பாடு' என்றாலும் 'மாடு' என்றாலும் பார்ப்பவருக்கு ஒன்றே. 'படம்' எது, 'மடம்' எது? ககரம் வாயின் உட்புறத்திலேயே பிறந்து முடிந்துவிடுகிறது. மேடைதோறும் நாம் மார்தட்டும் ழகரமோ, லகர ளகரங்களோடு சேர்ந்து பற்களுக்குப் பின்னால் மறைந்துகொள்கிறது! உதட்டைப் படிப்பவர் சிறிது காண்கிறார். மிகுதியை இடம் நோக்கி ஊகிக்கிறார். பேசுபவரின் மீசை அடர்ந்திருந்தால் அதுவும் போயிற்று.

எழுதிக் காட்டுதல் உண்டு. எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல்களால் அமைக்கும் முறையும் உண்டு. பிரிட்டனில் அதற்கு இருகை, அமெரிக்காவில் ஒருகை. பார்வையும் செவியும் இழந்தோர் சிலர், பேசுபவரின் முகத்தில் கைவைத்து அறிவர். இவற்றை விரிக்க நேரமில்லை. நடுநாயகமாக நிற்பது சைகைமொழியே.

1960இல் வில்லியம் ஸ்டோக்கி என்னும் ஆங்கிலப் பேராசிரியர், வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லூடெட் கல்லூரியில் பணியாற்றியவர், அமெரிக்கச் சைகைகளைப் பகுத்துக் காட்டினார். கையின் வடிவு, நிற்கும் இடம், அசையும் விதம் ஆகியவற்றுள் ஒன்று மாறினாலும் பொருள் மாறும். நமக்கு ஓர் எழுத்து மாறினால் சொல் மாறுவது போல. நம் இந்தியச் சைகைமொழியில் மூக்குத்தி அணியும் இடத்தைத் தொட்டால் பெண்; மீசையைக் காட்டினால் ஆண். வினாச்சொல் தொடரின் இறுதியில் வரும். நாட்டிய முத்திரைகளோடு இதை ஒப்பிட்டு மகிழ்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முத்திரை, பாட்டின் பொருளை விளக்க வருவது. முத்திரை பிடித்து எவரும் கடன் கேட்டதில்லை, சண்டையிட்டதில்லை.

1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு இம்மொழியைப் பள்ளிகளிலிருந்து விலக்கத் தீர்மானித்தது. வாக்களித்தவர்கள் ஏறத்தாழ அனைவரும் செவியுள்ளோர்! அவ்வழிவந்த மாநாடு 2010இல் வான்கூவரில் வருத்தம் தெரிவித்தது. இடைப்பட்ட 130 ஆண்டுகளில் எத்தனை தலைமுறைகள்! இந்தியாவில் சைகைமொழிக்கெனத் தில்லியில் ஆய்வு, பயிற்சி மையம் 2015இல்தான் அமைந்தது. 3000 சொற்கள் கொண்ட அதன் அகராதி 2018இல் வந்தது. இம்மொழி பேசும் குழந்தைகளுள் பெரும்பாலோர் செவியுள்ள பெற்றோருக்குப் பிறந்தவர்கள். தாய்க்குத் தெரியாத தாய்மொழி என்பது எத்தகைய தனிமை என்று எண்ணிப் பாருங்கள்.

அம்மொழியில் கவிதையும் உண்டு. வேல்ஸ் நாட்டில் பிறந்து, சிறுமியாக இருந்தபோதே செவிப்புலன் இழந்த டாரதி மைல்ஸ் (1931–1993) பிரிட்டிஷ், அமெரிக்கச் சைகைமொழிகள் இரண்டிலும் கவிதை இயற்றினார். ஒரே கைவடிவம் அடுத்தடுத்த சொற்களில் மீண்டும் வருவது அவர்களுடைய எதுகை. இடக்கையில் ஒரு படிமத்தை நிறுத்திவைத்து, அது மறையாதிருக்கும்போதே வலக்கையால் மற்றொன்றை எழுப்பலாம். சொல்லுக்குப் பின் சொல்லாகவே செல்ல வேண்டிய நம் யாப்பில் அதற்கு வழியில்லை. எனக்குச் சற்றுப் பொறாமைதான்.

நம் வட்டம் பத்தாண்டுகளாகக் கவியரங்கு நடத்துகிறது. அடுத்த ஆண்டு அரங்கில் சைகைமொழிக் கவிஞர் ஒருவரும் ஏற வேண்டும். மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் தேவை. மேடை விளக்கு முகத்திலும் கைகளிலும் நன்றாக விழ வேண்டும். அவர்களிடையே கைதட்டல் என்பது இரு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைப்பது. செயலாளர் அவையோருக்கு இதை முன்னரே சொல்லிவைப்பாராக.